ஹோம் மேட்ச் உண்டு... ஊரில்தான் இல்லை!

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைத்துவிட வேண்டாம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே, தமிழ்நாடு அரசின் டான்செம் சிமென்ட் ஆலை இருக்கிற ஊர்.

இந்த ஊரில் 2019-ல் ஒரு பையன் இருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு. அப்பா வேலை முடிந்து வந்ததும் போனை வாங்கிக் கால்பந்து ஹைலைட்ஸ் பார்ப்பவன். அந்த ஆண்டு மார்ச் மாதம் அவனுக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஆசிய அளவிலான போட்டியில் ஆடப்போகிறது. அதுவும் ஹோம் மேட்ச்!

"கூட்டிட்டுப் போப்பா" என்று கேட்கிறான். அப்பாவும் சரி என்கிறார். சென்னைதானே? ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிந்ததும் எழும்பூர். அங்கிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம்.

ஆனால் அந்த ஹோம் மேட்ச் சென்னையில் நடக்கவில்லை. எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய், நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறி, இன்னொரு ராத்திரியையும் ரயிலில் கழித்து, மறுநாள் அகமதாபாத்தில் இறங்க வேண்டும். அங்கே காங்கரியா ஏரிப் பக்கம் இருக்கும் ட்ரான்ஸ்டேடியா மைதானத்தில்தான் சென்னையின் 'சொந்த ஊர்' ஆட்டம்!

அப்பாவும் பையனும் கற்பனை. மற்றதெல்லாம் நடந்தது.

சாம்பியன் ஆனாலும் இடம் இல்லை

கிளப் கால்பந்தில் சர்வதேசப் போட்டி என்றால் பலருக்கும் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்தான் ஞாபகம் வரும். ஆசியாவிலும் அதுபோல உண்டு. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அப்போது இரண்டு தட்டாக நடத்திவந்தது. மேல்தட்டு, ஏ.எஃப்.சி சாம்பியன்ஸ் லீக். அடுத்த தட்டு, ஏ.எஃப்.சி கப். ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்குவார்கள். அந்த நாட்டு லீக்கில் ஜெயிக்கிற கிளப் அந்த இடத்துக்குப் போகும்.

இதில் சென்னையின் எஃப்.சி-க்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. 2015 டிசம்பர் 20. கோவா மைதானத்தில் கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல் ஃபைனல். கடைசி நிமிடங்கள் வரை 1-2 என்று பின்தங்கியிருந்த சென்னை, 3-2 என்று முடித்துக் கோப்பையைத் தூக்கியது. கடைசி கோல் மெண்டோசா போட்டது. பயிற்சியாளர் மார்கோ மாட்டராஸி. ஆமாம், 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடேனிடம் தலையால் முட்டு வாங்கிய அதே மனிதர்.

அந்த வெற்றிக்கு ஆசியாவில் இடம் கிடைக்கவில்லை. அப்போது நாட்டின் முதல் லீக் என்ற அங்கீகாரம் ஐ-லீக்குக்குத்தான். ஐ.எஸ்.எல் சாம்பியனுக்குக் கோப்பையும் பரிசுப் பணமும் உண்டு, ஆசியா கிடையாது. 2017-18 சீசனில்தான் அந்தக் கதவு திறந்தது. அந்த சீசனிலேயே சென்னை மறுபடி ஜெயித்ததுதான் விசேஷம். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டு மைதானத்தை அலறவிட்டார். பிறகு பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2. ஜான் கிரிகரியின் அணி ஆசியாவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டது.

அந்த டிக்கெட்டில் பயணத் தேதி ஓராண்டு தள்ளி இருந்தது. ஜெயித்தது 2018 மார்ச்சில், ஆடப்போவது 2019 மார்ச்சில். அதற்குள் என்ன ஆயிற்று தெரியுமா? நடப்பு சாம்பியன் என்ற பட்டத்தோடு 2018-19 ஐ.எஸ்.எல்-லில் இறங்கிய சென்னை 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளிகளோடு கடைசி இடத்துக்குப் போய்விட்டது. பத்து அணிகளில் பத்தாவது. இந்தியாவின் கடைசி அணி இந்தியாவின் பிரதிநிதியாக ஆசியாவுக்குக் கிளம்பியது. விதிப்படி அதில் தவறே இல்லை, வேடிக்கையாக மட்டும் இருந்தது.

ஒரு நிமிடத்தில் போனது

முதல் படி, இலங்கையின் கொழும்பு எஃப்.சி. மார்ச் 6 அன்று அங்கே 0-0. மார்ச் 13 அன்று அகமதாபாத்தில் ஜேஜே லால்பெக்லுவா அடித்த ஒரே கோலில் 1-0. குரூப் சுற்றுக்கு சென்னை தகுதி பெற்றது.

குரூப்பில் கூட இருந்தவை மூன்று அணிகள்: வங்கதேசத்தின் அபஹானி லிமிடெட், நேபாளத்தின் மனாங் மர்ஷ்யாங்டி, நம் நாட்டு ஐ-லீக்கின் மினெர்வா பஞ்சாப். ஒவ்வோர் அணியோடும் இரண்டு ஆட்டம். குரூப்பில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே அடுத்த சுற்று.

அகமதாபாத்தில் சென்னை ஆடிய 'ஹோம்' ஆட்டங்களைப் பாருங்கள். மினெர்வாவோடு 0-0. மனாங்கை 2-0. ஏப்ரல் 30 அன்று அபஹானியை 1-0, கோல் அனிருத் தாப்பா. கொழும்பு ஆட்டத்தையும் சேர்த்தால் அகமதாபாத்தில் நான்கு மேட்ச், மூன்று வெற்றி, ஒரு டிரா. வாங்கிய கோல் பூஜ்யம்! லீக்கில் கடைசி இடம் பிடித்த அணியின் தடுப்பாட்டம் இது என்று சொன்னால் நம்புவது கஷ்டம். 'சொந்த ஊரில் ஆடாததால் தோற்றோம்' என்று சென்னை புலம்பவும் முடியாது. அகமதாபாத் மைதானம் இந்த அணிக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை.

இடறியது டாக்காவில். மே 15. சென்னை முதலில் முன்னிலை எடுத்தது, பிறகு பின்தங்கியது, திரும்ப 2-2 ஆக்கியது. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது அபஹானி மூன்றாவது கோலைப் போட்டது. 2-3. இந்த அணி ஆசியாவில் கண்ட ஒரே தோல்வி அதுதான்.

ஜூன் 19 அன்று குவாஹாத்தியில் மினெர்வாவுடன் 1-1. பஞ்சாப் அணியின் ஹோம் மேட்ச் ஏன் அசாமில் என்று கேட்கிறீர்களா? சென்னைக்கு அகமதாபாத் வாய்த்தது மாதிரி அவர்களுக்கு குவாஹாத்தி. இந்திய கிளப்கள் இரண்டு, அந்தப் போட்டியில் இரண்டுக்குமே சொந்த ஊரில் இடம் இல்லை.

கடைசி நாள், ஜூன் 26. கணக்கு இப்படி இருந்தது. சென்னை நேபாளத்தில் மனாங்கை ஜெயிக்க வேண்டும். குவாஹாத்தியில் அபஹானி மினெர்வாவை ஜெயிக்கக் கூடாது. இரண்டும் நடந்தால் சென்னை, அபஹானி இரண்டுக்கும் 11 புள்ளிகள். நேருக்கு நேர் ஆடியதில் ஆளுக்கொரு வெற்றி, மொத்த கோல் 3-3. ஆனால் சென்னை எதிரணியின் மைதானத்தில் இரண்டு கோல் போட்டிருக்கிறது, அபஹானி ஒன்றுகூடப் போடவில்லை. அந்தக் கணக்கில் சென்னைதான் மேலே.

நேபாளத்தில் சென்னை தன் வேலையை முடித்தது. 3-2 வெற்றி. குவாஹாத்தியிலும் 90 நிமிடம் வரை 0-0. காயத்துக்கும் தாமதத்துக்குமாக நடுவர் கூட்டிக் கொடுத்த நேரத்தில் அபஹானியின் ஆப்கன் தடுப்பாட்டக்காரர் மாசி சைகானி கோல் போட்டார். 1-0. அபஹானிக்கு 13 புள்ளி, சென்னைக்கு 11. அபஹானி அடுத்த சுற்றுக்கு, சென்னை வீட்டுக்கு.

இதில் சினிமாவில் வைத்தால்கூட 'ஓவர்' என்று சொல்லக்கூடிய ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. சென்னையை வெளியேற்றிய அந்த மாசி சைகானியை அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் செய்தது எந்த கிளப் தெரியுமா? சென்னையின் எஃப்.சி!

கோவையில் ஒரு மார்ச் மாதம்

இந்தக் கதை நடந்துகொண்டிருந்த அதே மார்ச்சில், இன்னொரு தமிழ்நாட்டு கிளப்பும் ஆசியாவுக்கு இடம் பிடித்தது. பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சென்னை சிட்டி எஃப்.சி.

முந்தைய சீசனில் தட்டுத் தடுமாறி ஐ-லீக்கில் தப்பிப் பிழைத்த அணி அது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினில் இருந்து வந்த பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்துக் குவித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் ஊர்ப் பையன்களும் அணியில் நிறைய இருந்தார்கள்.

2019 மார்ச் 9, லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினெர்வா பஞ்சாபுடன் சென்னை சிட்டி. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே மினெர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதே நிலை. பிறகு மான்ஸி பெனால்ட்டியில் சமன் செய்தார். அடுத்து தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒன்று, கடைசியில் இன்னும் ஒன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்திருந்தது. அதாவது, கோவையில் டிரா ஆகியிருந்தால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

தமிழ்நாட்டு கிளப் ஒன்று முதன்முறையாக ஐ-லீக் சாம்பியன். பரிசாகக் கிடைத்தது ஆசியாவின் மேல்தட்டான சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஓர் இடம். அந்த இடத்துக்குப் போன கடைசி ஐ-லீக் சாம்பியனும் இவர்கள்தான். அடுத்த ஆண்டு முதல் அந்த உரிமை ஐ.எஸ்.எல் பக்கம் போய்விட்டது. சுவிட்சர்லாந்தின் பிரபல கிளப்பான எஃப்.சி பாசெல் வந்து 26 சதவிகிதப் பங்கு வாங்கிய காலமும் இதுதான். கோவைக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

ஆட்டம் நடந்தது 2020 ஜனவரி 14. பொங்கலுக்கு முதல் நாள், போகி. எதிரணி, பஹ்ரைன் சாம்பியன் ரிஃபா. ஹோம் மேட்ச். இடம்?

அகமதாபாத்!

ஐ-லீக் கோப்பையைத் தூக்கப் போதுமானதாக இருந்த கோவை மைதானம் ஆசியாவுக்குப் போதவில்லை. சென்னை சிட்டி 0-1 என்று தோற்றது. சாம்பியன்ஸ் லீக் கனவு ஒரே இரவில் முடிந்தது. தோற்ற அணிக்கு இரண்டாம் தட்டான ஏ.எஃப்.சி கப் குரூப் சுற்றில் இடம் உண்டு. அதில் முதல் ஆட்டம் மார்ச் 11 அன்று மாலத்தீவின் மசியாவுடன். மறுபடி அகமதாபாத். இரண்டு வாரம் முன்புதான் பெங்களூரு எஃப்.சி-யை பெனால்ட்டி ஷூட்அவுட்டில் வீழ்த்திய அணி மசியா. அதோடு 2-2 என்று டிரா செய்தது சின்ன விஷயம் இல்லை. அதற்குள் கோல் மெஷின் மான்ஸியும் ஜப்பானின் ஆல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டிருந்தார். சாம்பியன் அணியில் கலக்கிய நெஸ்டர் கோர்டில்லோ அதற்கும் முன்பே ஹைதராபாத் எஃப்.சி-க்குப் போயாயிற்று. இங்கேயும் அதே பிரச்னைதான். ஜெயித்த அணி வேறு, ஆசியாவில் போய் நின்ற அணி வேறு.

2020 மார்ச் 11 என்ற தேதி உங்களுக்கு வேறு எதையாவது ஞாபகப்படுத்துகிறதா? உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது அன்றுதான். மீதி ஐந்து குரூப் ஆட்டங்களும் நடக்கவே இல்லை. செப்டம்பரில் போட்டியையே ரத்து செய்தார்கள். அடுத்த சீசனின் ஐ-லீக்கை மேற்கு வங்கத்துக்குள்ளேயே பாதுகாப்பு வளையத்தில் ஆடினார்கள். அதற்கு அடுத்த சீசனில், 2021-22 ஐ-லீக்கில், சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. உரிம நிபந்தனைகளில் தேறவில்லை. மூன்று ஆண்டுக்கு முன்பு கோப்பையைத் தூக்கிய கிளப்!

பத்து மேட்ச், ஒரு கணக்கு

இப்போது இரண்டு கிளப்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கலாம். சென்னையின் எஃப்.சி எட்டு ஆட்டம், சென்னை சிட்டி இரண்டு. மொத்தம் பத்து. நான்கு வெற்றி, நான்கு டிரா, இரண்டு தோல்வி. போட்டது 12 கோல், வாங்கியது 9.

அசிங்கப்பட எதுவும் இல்லாத ஸ்கோர்கார்டு. இரண்டு தோல்வியும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். யாரும் நான்கு, ஐந்து என்று அடித்துத் துரத்தவில்லை. அதிகாரபூர்வமாக 'ஹோம்' என்று எழுதப்பட்ட ஆட்டங்கள் ஆறு. ஆறும் அகமதாபாத்தில். ஒன்றுகூடத் தமிழ்நாட்டு மண்ணில் இல்லை.

ஏன் இப்படி? ஆசியப் போட்டி நடத்தும் மைதானத்துக்கு ஒரு நீளமான பட்டியல் உண்டு. டி.வி ஒளிபரப்புக்கு ஏற்ற ஃப்ளட்லைட், பார்வையாளர்களுக்குத் தனித்தனி இருக்கை, நடுவர்களுக்கும் அணிகளுக்கும் தனி அறைகள், ஊக்கமருந்துப் பரிசோதனை அறை, மருத்துவ வசதி, பத்திரிகையாளர் அறை... எல்லாம் டிக் ஆக வேண்டும். கோவை அதில் தேறவில்லை. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல் மேட்ச்கள் நடக்கின்றன. ஆனால் 2019-ல் அந்தத் தேதிகளுக்கு அது கிடைக்கவில்லை. அங்கே ஸ்டேடியம் அரசுடையது, கிளப் வாடகைக்கு வருவது. வீட்டுக்காரர் சாவி தராவிட்டால் குடித்தனக்காரர் வேறு என்ன செய்வார்? அகமதாபாத் மைதானம் நவீனமாகக் கட்டப்பட்டு, தயாராக, காலியாக இருந்தது. போனார்கள்.

அரசே சிமென்ட் ஆலை நடத்தும் மாநிலத்தில் ஒரு கால்பந்து மைதானம் தேறவில்லை என்பது ஆலங்குளத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

ஆசியாவையே வரவழைத்து உபசரிக்க இங்கே தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் ஆசிய ஹாக்கி சாம்பியன்ஸ் டிராபியை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடத்தினார்கள். பாகிஸ்தானும் தென் கொரியாவும் ஜப்பானும் மலேசியாவும் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். ஃபைனலில் இந்தியா மலேசியாவை 4-3 என்று ஜெயித்தபோது கேலரி கொண்டாடியது. அதே ஆண்டு ஸ்குவாஷ் உலகக் கோப்பையும் சென்னையில்தான். மனசு வைத்தால் நடக்கும்.

பக்கத்து ஊரில் நடந்தது

சொந்த மண்ணில் ஆடினால் என்ன கிடைக்கும்? பெங்களூருவைக் கேளுங்கள்.

2016 ஏ.எஃப்.சி கப் அரையிறுதி. எதிரணி, நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் தாருல் தாசிம். அங்கே 1-1. அக்டோபர் 19 அன்று கண்டீரவாவில், சொந்த ரசிகர்கள் முன்னால், 3-1. ஏ.எஃப்.சி கப் ஃபைனலுக்குப் போன முதல் இந்திய கிளப். நவம்பர் 5 அன்று தோஹாவில் ஈராக்கின் விமானப்படை கிளப்பிடம் 0-1 என்று தோற்றார்கள். ஆனால் அரையிறுதி இரவை நேரில் பார்த்தவர்களிடம் பேசினால் ஃபைனலைப் பற்றிப் பேச மாட்டார்கள், அந்த இரவைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கோவாவுக்கு வேறு மாதிரி. 2021-ல் சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் எஃப்.சி கோவா. கொரோனா காலம் என்பதால் அந்தக் குரூப்பின் எல்லா ஆட்டங்களையும் ஒரே ஊரில் நடத்த முடிவானது. அந்த ஊர் கோவா! ஈரானின் பெர்செபோலிஸ், கத்தாரின் அல் ரயான், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் வஹ்தா எல்லாரும் மட்காவ் ஃபதோர்டா மைதானத்துக்கு வந்து ஆடினார்கள். கோவா மூன்று டிரா செய்தது. அந்த கோவா அணியில் ஒரு தமிழர் இருந்தார். சென்னை சிட்டியில் ஆடிய அதே ரொமாரியோ ஜேசுராஜ்.

தமிழ்நாட்டுக் கால்பந்தின் ஆசிய வரலாற்றை எழுதினால் அதில் பாதி இப்படித்தான் இருக்கும்: ஆள் நம் ஊர், ஜெர்சி வேறு ஊர்.

2003-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப்பை ஈஸ்ட் பெங்கால் வென்றது. ஜூலை 26 ஃபைனலில் தாய்லாந்தின் பி.இ.சி டெரோ சாசனாவை 3-1 என்று சாய்த்தது. வெளிநாட்டு மண்ணில் இந்திய கிளப் ஒன்றின் மிகப் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. கொல்கத்தாவில் இன்றும் அந்தத் தேதியைச் சொன்னால் சிவப்பு-மஞ்சள் ரசிகர்களுக்குக் கண் கலங்கும். அந்த அணியில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார். காலியா குலோத்துங்கன். 2018-ல் தஞ்சாவூரில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 40-தான்.

இன்னும் அண்மையில், 2024. ஆசியக் கூட்டமைப்பு தன் போட்டிகளை மூன்று தட்டாக மாற்றிவிட்ட பிறகு, மூன்றாம் தட்டான சேலஞ்ச் லீக்கில் ஈஸ்ட் பெங்கால் ஆடியது. பூடானின் திம்புவில் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் ஒரு கோல் சென்னைப் பையன் நந்தகுமார் சேகருடையது. குரூப்பில் முதலிடம் பிடித்துக் காலிறுதி வரை போனார்கள்.

எட்வின் சிட்னி வான்ஸ்பாலின் கதை இதற்கு நேர் எதிர். கோவையில் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியவர். அடுத்த சீசனுக்கு சென்னையின் எஃப்.சி-க்கு மாறினார். தமிழ்நாட்டின் இரண்டு ஆசிய கிளப்களிலும் ஆடியவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் அவர் சென்னையின் எஃப்.சி-க்கு வந்தபோது அவர்களின் ஆசிய ஆட்டம் முடிந்திருந்தது. சென்னை சிட்டி ஆசியாவில் ஆடியபோது அவர் அங்கே இல்லை. 2020 மார்ச் 14 அன்று கொரோனா அச்சத்தில் ரசிகர்களே இல்லாத ஃபதோர்டாவில் நடந்த ஐ.எஸ்.எல் ஃபைனலில் சென்னை ஜெயித்திருந்தால் இன்னொரு ஆசிய வாய்ப்பு வந்திருக்கும். ஏ.டி.கே-விடம் 1-3.

மதுரை வரை வந்த கோப்பை

ஆலங்குளத்துக்கு மிக அருகில் இருக்கும் இந்திய சாம்பியன் யார் என்று கேட்டால் பதில் சென்னையும் இல்லை, கோவையும் இல்லை. மதுரை. சேது எஃப்.சி.

2019 மே 22, லூதியானா. இந்தியப் பெண்கள் லீக் ஃபைனலில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி சேது எஃப்.சி சாம்பியன் ஆனது. யோசித்துப் பாருங்கள். ஆண்கள் ஐ-லீக் கோப்பை மார்ச்சில் கோவைக்கு, பெண்கள் லீக் கோப்பை மே மாதம் மதுரைக்கு. இரண்டரை மாத இடைவெளியில் இரண்டும் தமிழ்நாட்டில். கிரிக்கெட் உலகக் கோப்பையும் தேர்தல் முடிவும் ஓடிய கோடைக்காலம் அது. பல பேருக்கு இந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை.

கோவை சாம்பியனுக்கு அகமதாபாத்தாவது கிடைத்தது. மதுரை சாம்பியனுக்கு அதுவும் இல்லை. அந்த ஆண்டு ஆசியக் கூட்டமைப்பு பெண்கள் கிளப் போட்டியைச் சோதனை முறையில் தொடங்கியபோது ஜப்பான், தென் கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டு கிளப்களை மட்டுமே அழைத்தது. இந்தியாவுக்கு அழைப்பு வந்தபோது கோப்பை கேரளாவின் கோகுலம் கையில் இருந்தது. 2021-ல் ஜோர்டானின் அகாபாவுக்குப் போய் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என்று ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு தாஷ்கண்ட் வரை போன அதே அணி ஆடாமலேயே திரும்பியது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு ஃபிஃபா தடை விதித்த நேரம் அது. நிர்வாகிகளின் சண்டைக்கு, விமானம் ஏறிப் போய்விட்ட பெண்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

இப்போது பெண்களுக்கும் முறையான ஏ.எஃப்.சி சாம்பியன்ஸ் லீக் இருக்கிறது. இந்திய சாம்பியன் கிளப்புக்கு அதன் தகுதிச் சுற்றுக்கு வழி இருக்கிறது. சேதுவோ வேறு எந்தத் தமிழ்நாட்டு அணியோ மறுபடி லீக்கை ஜெயித்தால், ஆசியாவில் ஆடலாம்.

2019-ல் ஆறாம் வகுப்பில் இருந்த அந்த ஆலங்குளத்துப் பையன் இன்று பள்ளிக்கூடத்தை முடித்திருப்பான். அவன் பார்க்க ஆசைப்பட்ட ஆட்டம் இன்னும் தமிழ்நாட்டில் நடக்கவில்லை. கடைசியாகத் தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஆசியப் போட்டியில் ஆடியது 2020 மார்ச் 11 அன்று, அகமதாபாத்தில். நடுவில் அவன் கையில் சொந்தமாகவே ஒரு போன் வந்திருக்கும். அந்த ஆட்டத்தின் ஹைலைட்ஸைத் தேடிப் பார்க்க இனி அப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.